பெரியவள் மாட்டாத கேபிள்

பொறாமை என்று யாராவது சொன்னால் வோல்ட்டக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எனக்கென்ன பொறாமை? அவ நல்லா இருந்தா சரி" என்பாள், பல்லைக் கடித்துக்கொண்டே. ஒன்றரை வருஷமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எரிய வைத்தவளுக்கும் சேர்த்து.

புகுந்த வீட்டுச் சோலார் கடையில் இருபது வருஷமாகக் கூரை வேலை முழுக்க அவள்தான். கல்யாணமாகி வந்ததும் கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். அவள் ஏணியில் ஏறினாள். பழைய ஆசிட் பேட்டரிகளோடு மல்லுக்கட்டி அவள் பேண்ட் ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாய் ஓட்டை. பேனலில் வருகிற கரண்டை அளந்து பேட்டரிக்குக் கொடுக்கும் சார்ஜ் கன்ட்ரோலரை அவள் செட் செய்துவிட்டால், அப்புறம் யாரும் கை வைக்கத் தேவையிருக்காது. வோல்ட்டக்கா என்ற பேர் சும்மா வந்துவிடவில்லை.

பிறகு கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த ஓரகத்தி லித்தியம் பேட்டரி வேலை படித்தவள், எந்நேரமும் லேப்டாப்பும் கையும்தான். வாடிக்கையாளர்கள் "சின்னவங்களை அனுப்புங்க" என்றார்கள். மாமனார் வாயைத் திறந்தால் சின்னவள் புராணம். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். அவளோ அக்கா, அக்கா என்று உருகினாள். பெரியவளால் அதைத்தான் தாங்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக் வேலை வந்தது. கன்ட்ரோலர் பெரியவளுக்கு, பேட்டரி சின்னவளுக்கு. லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு காவலாளி உண்டு. இவ்வளவு வோல்ட் போதும், இவ்வளவு கரண்ட் போதும் என்று அது சொல்லச் சொல்ல, கன்ட்ரோலர் ஒரு கேபிள் வழியாகக் கேட்டு நடக்க வேண்டும்.

"அக்கா, கேபிளை உங்க கன்ட்ரோலர் வரைக்கும் இழுத்து விட்டிருக்கேன். மாட்டிட்டா போதும்" என்றாள் சின்னவள்.

மாட்டினால் தன் கன்ட்ரோலர் அவள் பேட்டரியின் தாளத்துக்கு ஆட வேண்டும். கடையில்தான் அவள் ராஜ்ஜியம் என்றால் இங்கேயுமா? பெரியவள் கேபிளைத் தொங்க விட்டுவிட்டு, ஆசிட் பேட்டரிக்குப் போட்டுப் பழகிய எண்களையே கையால் போட்டாள். தனக்குத் தெரியாத வோல்ட்டா?

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கிளினிக்கில் கரண்ட் நின்றது. நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி கிடக்க, டாக்டரம்மா செத்துப்போன டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வோல்ட் எல்லை மீறியதும் பேட்டரி தன்னைத் தானே துண்டித்துக்கொண்டிருந்தது. திட்டு முழுவதும் பேட்டரிக்குத்தான் விழுந்தது. பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வாரம் மறுபடியும் நின்றபோது, தன் எண்கள்தான் காரணம் என்று அவளுக்கே புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்று சாப்பிடும்போது கொழுந்தன் தன் மனைவியிடம் கறாராகச் சொன்னான்: "இன்னொரு தடவை நின்னா டாக்டர் பேட்டரியைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் நீ கல்லாவுல உட்கார வேண்டியதுதான்."

கல்லா என்றதும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. இருந்தும் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தாள்.

மூன்றாம் தடவையும் நின்றது. டாக்டரம்மா இருவரையும் வரச் சொன்னார். பேட்டரி அறைக்குள் போனதும் சின்னவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இப்பவாவது அந்தக் கேபிளை மாட்டிடலாமா?"

பெரியவள் வெடுக்கென்று திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் தடவை நின்னப்பவே. வோல்ட் ஏறினது பேட்டரிப் பதிவுல இருக்குக்கா."

"தெரிஞ்சே சும்மா இருந்தியா? நீயே மாட்ட வேண்டியதுதானே?"

"உங்க கன்ட்ரோலர்ல உங்களைக் கேக்காம கை வைப்பேனா? டாக்டர்கிட்ட தப்பு என் பேட்டரியிலதான்னு சொல்லிட்டேன். இருபது வருஷப் பேரு உங்களுது. என் பேரு போனா போகட்டும்."

கண் கலங்கியிருக்க வேண்டும், நியாயமாக. பெரியவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. படிப்பும் அவளுக்கு, மாமனார் வாயில் பேரும் அவளுக்கு, இப்போது நல்ல மனசும் அவளுக்கேவா? கேபிளை எடுத்துச் சடக்கென்று மாட்டினாள். கன்ட்ரோலர் திரையில் அவள் போட்ட எண்கள் மறைந்து, பேட்டரி கேட்ட எண்கள் வந்து நின்றன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் விறுவிறுவென்று டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். பின்னாலேயே சின்னவள் ஓடி வந்தாள்.

"டாக்டர், தப்பு என்னோடது. கன்ட்ரோலரைத் தப்பா செட் பண்ணினேன். தெரிஞ்ச பிறகும் மறைச்சேன்."

டாக்டரம்மா குழம்பிப்போனார். "சின்னவங்க அவங்க தப்புன்னு சொன்னாங்களே?"

"ஆமா டாக்டர், என் பேட்டரியிலதான்" என்று சின்னவள் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

"நீ பேசாம இரு" என்றாள் பெரியவள். "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டே. இதையாவது எனக்கு விடு."