மூன்று மதியம் சொல்லிக்கொடுத்த ஆப்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் வார்ப்பு ஆலையின் கணினி அறையில் இரண்டே பேர். நான் பர்மனென்ட், மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் பெண் கான்ட்ராக்ட். வயதில் சின்னவள், மூளையில் எனக்கு மூத்தவள்.

எங்கள் பழைய மென்பொருள்கள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் போடுவதுபோல் கன்டெய்னரில் போட்டு நிர்வகிக்கலாம் என்றாள் அவள். அதைப் பார்த்துக்கொள்ள அவள் வேண்டும். மேலாளருக்கோ லோ-கோடு மேல் ஆசை. நிரல் எழுத வேண்டாம், திரையில் கட்டங்களை இழுத்துவைத்தால் ஆப் தயார், சூப்பர்வைசர்களே செய்துகொள்வார்கள். அது வந்தால் அவளுக்கு வேலை இல்லை. எங்கள் இருவருக்கும் இது தெரியும்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். புது மெஷின் வாங்குமுன், அதை ஓட்டப்போகிறவர் தனியாக ஒரு பீஸ் செய்து காட்ட வேண்டும். மேலாளர் இதற்கும் அதையே சொல்லிவிட்டார். உலைப் பிரிவு சூப்பர்வைசர் ஓர் ஆப் செய்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் கன்டெய்னர். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பவே ஆள் தேடுகிற மனிதர் அவர்.

மறுநாள் மதியம் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "ஒண்ணும் பிரியலம்மா. எல்லார் எதிர்லயும் மானம் பூடும். கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"உக்காருங்கண்ணா," என்று டிபன் பாக்ஸை மூடினாள் அவள்.

இப்படி மூன்று மதியம். அவர் போனதும் கத்தினேன். "உனக்கு இன்னா பைத்தியமா? உன் வேலைக்கு நீயே வேட்டு வச்சுக்கினு கீறியே!"

"பாவம் சார், மவுஸ் பிடிச்சா கை நடுங்குது அவருக்கு. கேட்டா எப்படி மாட்டேன்றது?"

நான்காம் நாள் அவர் ஒரு தப்பில்லாமல் செய்து காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள், அவளும்தான். "இவரே பண்ணிட்டாரு, அப்புறம் இன்னா?" என்று மேலாளர் லோ-கோடு வாங்குவதற்கான ஒப்புதல் தாளை என் பக்கம் தள்ளினார். நடந்ததைச் சொன்னால் சூப்பர்வைசர் மானம் போகும்; சொல்லாவிட்டால் இவள் வேலை போகும். அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கையெழுத்துப் போட்டேன். சீ, என்ன மனுஷன் நான் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மாதக் கடைசியோடு அவள் போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை அந்தச் சூப்பர்வைசர் புதுவாயல் கடை மைசூர்பாகோடு வந்தார்.

"என் டீச்சரம்மா எங்க சார்? இன்னொரு ஆப் பண்றேன், ஒரு எடத்துல மாட்டிக்கினேன்."

"லீவு," என்றேன்.

"பரவால்ல சார், வந்ததும் சொல்லு," என்று டப்பாவை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.