நூறாவது வார்த்தை

அரையாண்டுப் பரீட்சைக்குள் நூறு புதிய ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு எழுதி வருகிறவருக்கு டிக்‌ஷனரி பரிசு என்று எங்கள் டீச்சர் அறிவித்தார். கேட், டாக் எல்லாம் செல்லாது. கொஞ்சம் கனமான வார்த்தைகள் வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் என்ஜினியர் வீட்டுப் பெண்ணிடம் ஏற்கெனவே தலையணை கனத்தில் ஒரு டிக்‌ஷனரி இருந்தது. இருப்பவளுக்கே இன்னொன்றா என்று எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது அப்பாதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நிலம் சுரங்கத்துக்குப் போக, வேலையும் குவார்ட்டர்சும் கிடைத்து நெய்வேலிக்கு வந்தவர். பாதி வார்த்தைகளைப் பாடப்புத்தகத்தில் பொறுக்கினேன். மீதிக்கு லீவு நாட்களில் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துச் சுரங்க வேலியோரம் ஓட்டுவார். பலகைகளை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவர் பெடலை நிறுத்தாமலே அர்த்தம் சொல்வார்.

"புரொகிபிட்டட்!"

"உள்ள வராதன்னு அர்த்தம். எழுதிக்க."

"ரெஸ்ட்ரிக்டட்?"

"அதுவும் உள்ள வராதன்னுதாம்மா."

வாட்ச்மேன்கள் விரட்டி விரட்டிக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் என்று அம்மா கேலி செய்வாள். டீச்சரும் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் டிக் போட்டுவிட்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்றொன்பது சேர்ந்திருந்தது. மண்மேட்டைத் தாண்டியதும் ஒரு பலகை. 'அக்வயர்ட் லேண்ட்' என்று படித்தேன். லேண்ட் எனக்கே தெரியும். "அக்வயர்டுன்னா என்னப்பா?"

அப்பா முதல்முறையாகச் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியல பாப்பா."

"உள்ள வராதன்னாவது சொல்லேன்ப்பா!" என்று கெஞ்சினேன். அவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மறுநாள் பரிசு என்ஜினியர் வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. நல்ல பெண், புத்தகத்தைப் பிரித்ததும் எனக்காக அந்த வார்த்தையைத்தான் முதலில் தேடினாள். 'பெறப்பட்டது' என்று போட்டிருந்தது. இவ்வளவுதானா! வீட்டுக்கு ஓடிப்போய், "பெறப்பட்டதுன்னு அர்த்தமாம்! இதுகூடத் தெரியாம என் டிக்‌ஷனரியக் கோட்டை விட்டுட்டியே!" என்று குதித்தேன்.

"ஆமாம்மா, தெரியாமப் பூட்ச்சி" என்று அப்பா சிரித்தார்.

அந்தப் பலகை நின்றது எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், சுரங்கத்துக்குப் போன அந்த வேர்க்கடலை நிலத்தில் என்று அம்மா சொன்னபோது நான் காலேஜில் இருந்தேன். அதுவரைக்கும், எங்கப்பாவுக்கு அர்த்தம் தெரியாத ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.