தோளில் பை, அடுப்பில் உலை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் தமிழைத் தப்பில்லாமல் எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்பது காரணம், வேறு பெருமை ஒன்றும் இல்லை. சங்கத்துக்கு அண்ணன் செய்த சேவையை எழுது, கோயில் கொடைக்கு ஓடியாடி உழைத்ததை எழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றைச் சங்கத்தார் மேடை போட்டுப் பேசிவிட்டார்கள், மாலையும் போட்டாயிற்று. நான் எழுதப் போவது அண்ணன் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி. யாருக்காவது வருத்தம் இருந்தால் நேரில் வந்து என்னைத் திட்டலாம்.

அண்ணன் அவர்கள் திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிக்குப் பக்கத்தில் பிறந்தார். நடக்கப் பழகுவதற்குள் அப்பா தாராவிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதால் ஊரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை, அண்ணனிடமும் இருந்ததில்லை. எங்களுக்கு ஊர் என்றால் தாராவியில் நாங்கள் இருந்த அந்த ஒற்றை அறைதான். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா விடியுமுன் எழுந்து இட்லி அவித்து வியாபாரத்துக்குக் கொடுத்துவிடுவார். பகலெல்லாம் மாவாட்டி, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு அரிசி ஊறப்போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குமேல் அடுப்பு முன்னால் நிற்க அம்மாவுக்கு ஏது தெம்பு? ராத்திரிக்கு எங்களுக்கு விற்காமல் மிஞ்சிய இட்லிதான். மிஞ்சாத அன்று பாவ் ரொட்டியும் டீயும். வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று கும்பிடுவதா, நடக்கக் கூடாது என்று கும்பிடுவதா என்றே எங்களுக்குத் தெரியாது.

அண்ணன் மட்டும் தெளிவாக இருந்தார். "நான் சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா ராத்திரி சுடுசோறுதாம்ளா. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்பார். கூட்டாளிப் பையன்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்பட்ட வயது அது.

ஃபிட்டர் வேலை படித்து, டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்பா அம்மாவைக் கடைசிவரை தாங்கினார், என்னைக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, மாட்டுங்கா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் செம்பூரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்துக் குடிபோனார்கள்.

போன புதிதில் ஒரு நாள் நடந்ததை இருவரும் மாறி மாறி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மைனி நின்றே பகலைக் கழித்துவிட்டு வந்தார். அண்ணன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார். "அஞ்சு நிமிசம் சாஞ்சிக்கிடுவோம், பெறகு சோறு பொங்குவோம்" என்று பேசிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். அவர் எழுந்துவிடுவார் என்று இவர் கண்ணை மூட, இவர் எழுந்துவிடுவார் என்று அவர் கண்ணை மூட, விழித்தபோது பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். சுடுசோறு, சுடுசோறு என்று பாட்டாய்ப் பாடின மனுஷர், புது வீட்டில், புது அடுப்பு பளபளவென்று இருக்க, பட்டினியாகத் தூங்கியிருக்கிறார்! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவார், கையைக் கழுவுவார், நேரே அடுப்படிக்குப் போய் உலை வைத்துவிடுவார். தோளில் தொங்கும் பையை இறக்க மாட்டார், சட்டையை மாற்ற மாட்டார், விசிறியைக்கூடப் போட மாட்டார். என்ன குழம்பு, என்ன வெஞ்சனம் என்ற யோசனையெல்லாம் அப்புறம்தான். முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும்.

"கொழம்பு என்னன்னே முடிவு பண்ணாம உலை வச்சா எப்பிடி?" என்று கேட்டேன்.

"முடிவு பண்ண உக்காந்தேன்னா எந்திக்க மாட்டேன்ளா. உலை கொதிச்சிட்டா அரிசி போட்டுத்தானே ஆவணும்? சோறு ஆயிட்டா வெறும் சோத்தையா திங்க முடியும்? அதுவா ஒரு கொழம்பு வந்துரும்."

"அப்ப குக்கர் வாங்கேன்."

"குக்கர்னா விசில் வாரதுக்குள்ள தூங்கிருவேன். உலைப்பானைன்னா பக்கத்துலயே நின்னு பாக்கணும், இல்லைன்னா பொங்கி அடுப்பெல்லாம் நாசமாயிரும்."

தன்னைத் தானே இப்படி மிரட்டி வேலை வாங்கிய மனுஷரை நான் வேறு கண்டதில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையையும் அவர் கழற்றுவதில்லை. பானைக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து, சூட்டில் அந்த அட்டையின் ஒரு மூலை நெளிந்து சுருண்டுவிட்டது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, "க்யா சாப், இன்னைக்கு கார்டையும் வறுத்துட்டீங்களா?" என்று கேலி செய்வாராம்.

நிலமும் நீச்சும் சேர்த்துவிட்டார் என்று எழுத முடியாது. அவர் பெரிய சமையல்காரர் என்றும் எழுத மாட்டேன், பொய் எழுதி அவர் ஆத்மாவை வருத்த மனசில்லை. உப்பு விஷயத்தில் கை கொஞ்சம் தாராளம். ரசம் என்று ஊற்றுவார், புளித்தண்ணீராக இருக்கும். மிகவும் அலுத்துப்போன நாட்களுக்கென்று பிட்லா வைத்திருந்தார். நாங்கள் மாவுசி என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராட்டி அம்மா சொல்லிக்கொடுத்தது. வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயைத் தாளித்துக் கடலைமாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினால் முடிந்தது. மாவுசி அதை பாக்கிரி ரொட்டியோடு சாப்பிடுவார், அண்ணன் சுடுசோற்றில் குழி பறித்து ஊற்றிக்கொள்வார். மாவுசி தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உலை கொதிக்கும் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் யாராலும் சும்மா இருக்க முடியாது. மைனி வந்ததும் வெங்காயத்தை எடுத்துக்கொள்வார். மகள் கார்த்திகா படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து தட்டு எடுத்து வைப்பாள். அண்ணன் ஒருநாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. மூன்று பேரும் அந்தச் சின்ன அடுப்படியில் இடித்துக்கொண்டு நின்று பேசிய பேச்சுதான் அவர்கள் குடும்பம். திடீரென்று யார் வந்தாலும், வாசலில் நிற்கும்போதே பானையில் இன்னொரு கை அரிசி விழும். நானும் என் வீட்டில் கோபித்துக்கொண்டு பலமுறை அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்.

கடைசியில் அண்ணன் சில வாரம்தான் படுக்கையில் இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சாயங்காலமானால் கார்த்திகாவுக்குப் போன் போடுவார். "உலை வச்சாச்சா மக்கா?" என்று கேட்பார். "வச்சாச்சுப்பா" என்பாள். அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் போனார்.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, சொந்தக்காரர்கள்தான் சோறு கொடுத்துவிட வேண்டும் என்பது நம் வழக்கம். அதை நாம் எல்லோரும் சேர்ந்து மிகச் சிறப்பாகவே செய்தோம். தாராவியிலிருந்து சித்தப்பா வீடு, தாணேயிலிருந்து மாமா வீடு, மாட்டுங்காவிலிருந்து நான் என்று முறை வைத்துக்கொண்டோம். சரி. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் யார் முதலில் நிறுத்துவது? தாணேக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பும்போது நாம் நிறுத்தினால் என்ன நினைப்பார்கள் என்று தாராவி நினைத்தது. தாராவியே அனுப்பும்போது நாம் எப்படி நிறுத்துவது என்று தாணே நினைத்தது. இரண்டு பேரும் அனுப்பும்போது கூடப்பிறந்தவள் நான் நிறுத்தினால் ஊர் காறித் துப்பாதா? இப்படியே மாதங்கள் போயின. டப்பா வந்துகொண்டே இருந்தது. அண்ணன் வீட்டு அடுப்பு டீ போடுவதோடு சரி.

மைனி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். இத்தனை வீட்டுச் சாப்பாடு வருகிறது, இவர் ஏன் இப்படித் துரும்பாகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. டப்பா காலியாகத்தான் திரும்பியது. கீழே வாட்ச்மேன் நல்ல சதை போட்டிருந்ததை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். கார்த்திகாவும் ஆபீஸ் பக்கத்திலேயே எதையாவது தின்றுவிட்டு, வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சில்லாமல் இருந்தார்கள். எனக்கு அண்ணன் போனதைவிட இது பயமாக இருந்தது. அவர் கட்டிய குடும்பமும் அவரோடு போய்விடும் போலிருந்தது.

ஒரு நாள் என் முறை. பாங்கடா மீன் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, குர்லாவில் ரயில் மாறி செம்பூர் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. மைனி அப்போதுதான் டியூட்டி முடித்து வந்திருக்கிறார். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் பானை.

"என்ன மைனி, பையைக்கூட இறக்காம நிக்கியோ?"

"இறக்குனா உக்காந்துருவேன் பிள்ள."

தூக்குச்சட்டியை மெதுவாக மேடையில் வைத்தேன்.

"உலை வச்சிட்டேன். என்ன வெஞ்சனம்னுதான் தெரியல" என்றார்.

"மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன்லா."

"அதை நீ திரும்பக் கொண்டு போயிரு."

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்கிடாத பிள்ள. உங்க யார் மேலயும் குத்தம் சொல்லல. ஆனா ஒவ்வொரு டப்பாவைத் தெறக்கும்போதும் அவுக இன்னைக்குத்தான் போன மாதிரி இருக்கு. துஷ்டி வீட்டுச் சோறுதானே அது? எத்தனை நாளைக்கு இது துஷ்டி வீடா இருக்கணும்?"

தூக்குச்சட்டியின் மூடியை இறுக்கி மூடினேன்.

அந்த நேரம் கார்த்திகா வந்தாள். "அரே, கேஸ் எரியுது?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். பானையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வெங்காயக் கூடையை இழுத்தாள். "அப்பா போன்ல கேக்கும்போதெல்லாம் உலை வச்சாச்சுன்னு பொய் சொன்னேன் அத்தை. ஒரு நாளும் வைக்கல" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வெங்காயத்தின் மேல் பழி போட அதை இன்னும் உரித்தாகவில்லை.

"இப்ப வச்சாச்சில்லா. நறுக்கு" என்றார் மைனி.

மூன்று பேரும் இடித்துக்கொண்டு நின்று பிட்லா கிண்டினோம். உப்பு கூடிப்போயிற்று, அண்ணன் கை மாதிரியே. மைனி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். கார்த்திகா அதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டையும் நீட்டினாள்.

மீன் குழம்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அந்தக் கூட்டத்திலும் வாசனைக்கு என்னைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். கொடுத்த சாப்பாடு திரும்பி வந்தால் நம் ஆட்களுக்கு அது பெரிய மரியாதைக் குறைவு. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட வரவில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் தாராவிக்கும் தாணேக்கும் போன் போட்டு, இனிமேல் யாரும் ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சிலருக்குக் குரல் சுருங்கியது, சிலர் பெருமூச்சு விட்டதும் போனில் கேட்டது.

அதிலிருந்து அந்த வீட்டில் முதலில் வருகிறவர் உலை வைக்கிறார். பெரும்பாலும் கார்த்திகாதான். தமிழ் வாசிக்க அவளுக்கு வராது, இந்தக் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்டினேன். "அத்தை, ரசத்தைப் பத்தி அப்பிடி எழுதாதீங்க, அப்பாவுக்கு இன்சல்ட்" என்றாள். எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், மைனிக்குத் துணையாக ராத்திரி வந்து படுத்துக்கொண்ட எதிர்வீட்டு மாவுசிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் டப்பா சுமந்து வந்த சொந்தங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சொன்னதும் கோபிக்காமல் நிறுத்திக்கொண்டதற்காக இன்னொரு தரம் கும்பிடுகிறேன்.

இன்று நினைவுநாள் என்பதற்காக ராத்திரிக்கு யாரும் ஒன்றும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். வருகிறவர்கள் வெறுங்கையோடு, நல்ல பசியோடு வாருங்கள். உலை வைத்தாயிற்று.

அன்புத் தங்கை