மஞ்சள் தொடாத கடிதம்

ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவன் நான். புதிதாகப் போட்ட பயிற்சி முகாமிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு, அம்மாவுக்கு, முதல் கடிதம் எழுதினேன். பூட்ஸ் காலைக் கடித்த கதையெல்லாம் அதில் இருந்தது. பதிலே இல்லை. பெற்ற மகனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு இப்படியும் இருப்பார்களா என்று ஆத்திரமாக வந்தது. கோபமாக இன்னொன்று எழுதி ஒட்டப்போனேன். கூடாரத்தில் உடனிருந்தவன் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர்க்காரன்; அவன் கேட்டான்.

“உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது. கடைக்காரருதான் படிச்சுச் சொல்லோணும்.”

“அப்ப மூலைக்கு மஞ்ச வெச்சயா? பட்டாளத்துலருந்து வெறுங்காயிதம் போனா ஊட்டுல என்னன்னு நெனைப்பாங்க?”

எங்கள் பக்கம் நல்ல செய்தி என்றால் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவோம். இல்லாவிட்டால் துக்கச் செய்தியோ என்று பயப்படுவார்கள். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுகம் என்று மட்டும் எழுதினேன். அவன் சமையல்கட்டிலிருந்து மஞ்சள் வாங்கி வந்து தடவினான். சீக்கிரமே பதில் வந்தது.

விடுப்பில் போனபோது அம்மா அந்த முதல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

“படிச்சாத்தான கண்ணு நெசமாகும்? அதான் யாருகிட்டயும் குடுக்கல.”

அதை நானும் இன்றுவரை பிரிக்கவில்லை.