எம்பட போன்ல எழுதுனது ஆரு?

பாடம் நடத்துவது சுலபம். பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. சக டீச்சர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கேரள எல்லையில், பெருமாட்டி ஊர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் ஒன் எடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு விவாதம்: ஒன்று வாட்ஸ்அப் குழுவில், மற்றது வகுப்பில்.

வாயில்லாப் பூச்சி

சுமதி வாட்ஸ்அப்பில் எழுத உட்கார்ந்தால் பத்துப் பேரை மடக்கிவிடுவாள். வகுப்பில் எழுப்பிவிட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மார்க்கோ நேரில் பேசினால்தான். பருவம் முடிய ஒரே ஒரு விவாத வகுப்பு பாக்கி. அதிலும் பேசாவிட்டால் பூஜ்யம்.

கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அவள் தோழி எனக்கு ஆறுதல் சொன்னாள்: "உடுங்க டீச்சர், போன் கையில இருந்தாத்தானுங்க அவளுக்கு வாயி."

மறுப்பு அறிக்கை

அந்த வாரத் தலைப்பு, 'வயலைத் தென்னந்தோப்பாக்கலாமா?' கூடாது என்று சுமதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம் எழுதித் தள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அதே நம்பரிலிருந்து இன்னொன்று வந்தது: மேலே இருப்பது நான் எழுதியதல்ல, நான் தென்னை வைப்பது உறுதி.

இத்தனை நாளும் யாரோ எழுதிக் கொடுத்ததா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே கூப்பிட்டேன். எடுத்தது அவள் அப்பா பழனிச்சாமி. வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். எங்கள் குழுவை, வயல்காரர்களின் பாடசேகர சமிதி குழு என்று நினைத்துவிட்டார். தென்னைக்கு மாறப்போவதாக சமிதியில் சொல்லி வைத்திருந்த மனிதர், தன் பெயரில் நெல்லுக்கான வக்காலத்தைப் பார்த்துப் பதறிப்போய் மறுப்பு எழுதியிருக்கிறார். என்னிடமே புகாரும் கொடுத்தார்: "எம்பட போன்ல என்னையவே எதுத்து எழுதியிருக்குதுங்க. அது ஆருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க டீச்சர்."

கடைசி வகுப்பு

கண்டுபிடித்துத் தருகிறேன், வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வாருங்கள் என்றேன். வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதே தலைப்பைக் கொடுத்து அவரையே தொடங்கச் சொன்னேன். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, ஆளில்லாமல் நெல் எப்படி என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் பெயர் சொல்வதற்குள் சுமதி எழுந்துவிட்டாள். மேசையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "களை புடுங்கறது நானும் அம்மாவுமுங்க. முடியலீன்னு நாங்க சொல்லவே இல்லீங்களேப்பா. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு முழு மார்க் போட்டேன். மணி அடித்ததும் பழனிச்சாமி என் மேசைக்கு வந்தார்.

"இந்தப் போகம் நெல்லே போடறனுங்க டீச்சர். விவாதத்துல நானும் பேசுனனுங்களே, எனக்கும் ரெண்டு மார்க் போட்டு உடுங்க."

ஆன்லைனா, நேரிலா, எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றில் பிள்ளைகள் பேசுகிறார்கள், மற்றதில் அப்பாக்கள் கேட்கிறார்கள், இரண்டிலும் டீச்சருக்கு மட்டும் மார்க் கிடையாது.