கடைசி மீனைக் கொண்டுவந்தவர்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு, நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். நெடிய உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பேசும்போது தன் உள்ளங்கைகளையே பார்ப்பார்.

"குட்டை மீனெல்லாம் செத்துப்போச்சு சார். மத்ததக் காக்கா தின்னுடுச்சு, இது ஒண்ணுதான் கெடச்சுது," என்று விரல் நீள மீன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வாங்க வந்தபோது, "மீன்ல செம்பு அதிகமா இருக்கு. குட்டையில எதையாவது கழுவினீங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"மாமரத்துக்கு அடிச்ச நானோ காப்பர் மருந்து டேங்கைக் கழுவுனேன். அது பூஞ்சையத்தானே கொல்லும்?"

"அந்தச் செம்புத் தூள் கண்ணுக்கே தெரியாத பொடிங்க. மீனோட செவுள்ல போய் எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும். அதுல உசிர் காக்கற ஆக்சிஜனே விஷமா மாறி உள்ள அரிச்சிடும்."

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி வளத்த மீனுங்க சார். அவ கை தட்டுனா மேல வரும். அவ போயி இன்னும் வருசம் திரும்பல. நானே கொன்னுட்டேன். அந்த மீனைக் குடுங்க, அவளப் பொதச்ச எடத்துல வெச்சுடறேன்."

சோதனைக்காக அதை அமிலத்தில் முழுதாகக் கரைத்திருந்தோம். சொன்னேன்.

"பரவால்ல சார், உங்க வேல அது," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.