கணக்கில் வராத கோதுமை

டயட்டீஷியன் என்றால் தட்டைப் பிடுங்குகிறவள் என்றுதான் கள்ளக்குறிச்சியில் எனக்குப் பெயர். ரிட்டயர் ஆன பிறகும் அது போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஸ்டெல்லாவைப் பற்றித்தான்.

நைனார்பாளையத்துப் பெண். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும்போது மயங்கி விழுந்தாள். ஓயாத வயிற்றுப்போக்கு வேறு. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. எண்டோஸ்கோபி, பயாப்சி எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சீலியாக் நோய் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் இவர்களுடைய குடலைக் கெடுத்துவிடும். எவ்வளவு நல்லது தின்றாலும் சத்து சேராது. வாழ்நாள் முழுக்கக் கோதுமையை விடுவதுதான் வைத்தியம்.

அவளுடைய அம்மா லூர்தம்மா அதை விட்ட விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். பரோட்டா, ரஸ்க் மட்டுமல்ல, மாவு கலந்த பெருங்காயமும் வீட்டை விட்டுப் போனது. வெள்ளிமலையிலிருந்து சாமையும் கேழ்வரகும் வாங்கினார். மில்லில் கோதுமை அரைத்த மெஷின் ஆகாது என்றேன். வீட்டிலேயே அரைத்துக்கொண்டார்.

அப்படியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. செலக்‌ஷனோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா ஸ்டெல்லா, யாருக்கும் தெரியாம பன்னு கின்னு துன்றியா?”

“மாதா மேல சத்தியமா இல்லீங்க மேடம். நீங்க சொன்னதத்தான் சாப்டுகினு இருக்குறேன். காலைல பூசைக்குப் போயிட்டு வந்துதான் கூழே குடிக்கிறேன்.”

“தெனமுமா? நன்மை வாங்குறியா?”

“வாங்குறேங்க. செலக்‌ஷன் வருதில்ல.”

பூசையில் நன்மையாகக் கொடுக்கும் அந்த அப்பம் காசளவுதான். ஆனால் கோதுமை. தினமும் உள்ளே போனால் சிலருக்கு அதுவே போதும். சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

“அது சாப்பாடு இல்லீங்களே மேடம். ஆண்டவரோட உடம்பு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லூர்தம்மாவின் பயம் வேறு மாதிரி. “வயசுப் பொண்ணு நன்மை வாங்காம உக்காந்தா, இன்னா தப்பு பண்ணிச்சோன்னு ஊரே பேசுங்க.”

பங்குச் சாமியாரிடம் மூன்று பேரும் போனோம். “அப்பம் இல்லாம திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதாம்மா” என்றவர், அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைப்பதாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். ஸ்டெல்லா அப்பத்தை வாங்காமல் கிண்ணத்தில் மட்டும் குடித்தாள். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பூசை முடிந்ததும் லூர்தம்மா கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“எம் பொண்ணுக்குக் கோதுமை ஆவாது. ஆண்டவருக்கு அது தெரியும். தெரியாதவங்க என்னாண்ட வந்து கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயிற்றுப்போக்கு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. ஸ்டெல்லா செலக்‌ஷனில் ஓடினாள், தேறினாள். இதைப் படிக்கும் பிள்ளைகளே, ஒன்றை விடச் சொல்லி டயட் சார்ட்டில் எழுதுவது நமக்குச் சுலபம். அதை விட்டுவிட்டு அவர்கள் ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்கள் என்பதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.